மர ரூட்டரைப் பிளாஸ்மா மேசையாக மாற்றலாமா? (40 ஆம்பியர், 50 லிட்டர் கம்பிரசர்)

தகட்டுக்காரன்:

வணக்கம். இரண்டு வருஷமாக வீட்டுப் பட்டறையில் நானே கட்டிய சிஎன்சி மர ரூட்டர் ஒன்று ஓடுகிறது. வெட்டுப் பரப்பு 1,200 × 900 மி.மீ. இரண்டு அச்சிலும் 5 மி.மீ. பிட்ச் பால் ஸ்குரூ (ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும்), நீமா 23 ஸ்டெப்பர் மோட்டார். யுஎஸ்பி வழியாக லேப்டாப்பில் இருந்து ஓட்டுகிறேன்.

இப்போது மரவேலை குறைந்து இரும்பு வேலைதான் அதிகம் வருகிறது. கேட்டில் பதிக்கும் பூவேலைத் தகடு, மோட்டார் பிராக்கெட், பேஸ் பிளேட். எல்லாம் 2 மி.மீ. முதல் 6 மி.மீ. வரை மைல்ட் ஸ்டீல். கையால் பிளாஸ்மா டார்ச் (மின்வில்லும் அழுத்தக் காற்றும் கொண்டு இரும்பை உருக்கி வெட்டும் கருவி) பிடித்து வெட்டுகிறேன், அப்புறம் கிரைண்டரோடு உட்கார்ந்தால் பாதி நாள் போய்விடுகிறது. போன வாரம் ஒரே மாதிரி 16 பிராக்கெட் வெட்டினேன். பக்கத்தில் அடுக்கி வைத்துப் பார்த்தால் ஒன்றுபோல இன்னொன்று இல்லை. அதிலிருந்துதான் இந்த யோசனை.

கையில் இருப்பவை: 40 ஆம்பியர் பிளாஸ்மா (எச்எஃப் ஸ்டார்ட் வகை), 2 எச்பி பிஸ்டன் கம்பிரசர், 50 லிட்டர் டேங்க். ஸ்பிண்டிலை (மரம் வெட்டும் பிட்டைச் சுழற்றும் மோட்டாரை) கழற்றிவிட்டு அங்கே டார்ச்சை மாட்டி, கீழே தண்ணீர்த் தொட்டி வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

எனக்குத் தெரிய வேண்டியது மூன்று. டிஎச்சி (டார்ச்சின் உயரத்தைத் தானே சரி செய்யும் அமைப்பு) கட்டாயமா, இல்லாமல் ஆரம்பித்துப் பிறகு சேர்க்கலாமா? தண்ணீர்த் தொட்டியா, அடியில் இருந்து புகையை இழுக்கும் ஃபேனா? இந்த ரூட்டரையே மாற்றலாமா, புதிதாகக் கட்ட வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஒயர்மேன்:

எச்எஃப் ஸ்டார்ட் மெஷினை சிஎன்சியில் மாட்டாதீர்கள். வில் தொடங்க அது ஆயிரக்கணக்கான வோல்ட்டில் உயர் அதிர்வெண் பொறி அடிக்கும். அந்த மின் இரைச்சல் ஒவ்வொரு ஒயரிலும் ஏறும். என்னுடையதில் டிரிக்கர் கொடுத்த கணமே யுஎஸ்பி அறுந்துபோகும், கேன்ட்ரி (டார்ச்சைத் தாங்கி நகரும் பாலம்) பாதியில் நின்றுவிடும், டார்ச் மட்டும் எரிந்துகொண்டிருக்கும். ஃபெரைட் வளையம், ஷீல்டு கேபிள் எல்லாம் போட்டும் பத்துக்கு மூன்று தடவை அதேதான்.

பிளோபேக் ஸ்டார்ட் வகை வேண்டும். அதில் டார்ச்சுக்குள் இருக்கும் எலக்ட்ரோடும் நாசிலும் (வில் வெளியே வரும் முனை) முதலில் ஒட்டியிருக்கும், காற்றழுத்தம் இரண்டையும் பிரிக்கும்போது வில் பிறக்கும். உயர் அதிர்வெண் கிடையாது. அதை மாற்றிய அன்றே என் தொல்லை தீர்ந்தது. யுஎஸ்பியையும் விட்டு ஈதர்நெட் கார்டுக்குப் போனால் இன்னும் நிம்மதி.

---

பழைய வெல்டர்:

தம்பி, ஒயர்மேன் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் பட்டியலில் நான் முதலில் பார்த்தது டார்ச்சையும் இல்லை, ரூட்டரையும் இல்லை. 50 லிட்டர் கம்பிரசர். உங்கள் மூன்று கேள்வியிலும் அது இல்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் மேசை கட்டி ஏழு வருஷம் ஆகிறது. முதல் நாலு மாதம் நான் பட்ட பாடு முழுக்க காற்றால் வந்தது, அது எனக்குத் தெரியவே இல்லை. காலையில் முதல் பத்துத் துண்டு கண்ணாடி போல வரும். மதியத்துக்குள் விளிம்பு சாயும், அடியில் கசடு ஒட்டும், நாசில் ஓட்டை முட்டை வடிவமாகிவிடும். வேகத்தை மாற்றினேன், உயரத்தை மாற்றினேன், நாசிலின் மேல் பழி போட்டு வேறு நாசில் வாங்கினேன். ஒரு நோட்டில் எத்தனை துளைப்புக்கு (ஒவ்வொரு வெட்டையும் தொடங்கத் தகட்டைத் துளைப்பது) ஒரு நாசில் போகிறது என்று எழுதி வந்தேன்: 80, 95, 70. காலையில் நன்றாக வெட்டுவது மதியம் ஏன் கெடுகிறது என்று அந்த நோட்டைப் பார்த்துக்கொண்டே ஒரு நாள் கம்பிரசரில் இருந்து வரும் குழாயைத் தொட்டேன். கை வைக்க முடியவில்லை. அதில்தான் விடை இருந்தது.

கணக்கைப் பாருங்கள். 40 ஆம்பியர் வகை மெஷின் 6 பார் அளவில் நிமிடத்துக்கு 150 முதல் 190 லிட்டர் வரை காற்று இழுக்கும். உங்களுடையதன் கையேட்டில் சரியான எண் இருக்கும். 180 என்று வைத்துக்கொள்வோம். 2 எச்பி பிஸ்டன் கம்பிரசரின் மேல் 200 லிட்டர் என்று எழுதியிருந்தாலும் அது பிஸ்டன் துடைக்கும் கொள்ளளவுதான். அழுத்தத்தில் வெளியே வருவது 120 அளவுக்குத்தான் இருக்கும். ஆக நிமிடத்துக்கு 60 லிட்டர் குறை. 50 லிட்டர் டேங்க் 8 பாரில் இருந்து 6 பாருக்கு இறங்கும்போது 100 லிட்டர் காற்று தரும். நூறை அறுபதால் வகுத்தால் இரண்டு நிமிடம்கூட இல்லை. அதற்கு மேல் போகும் வெட்டில் அழுத்தம் சரியும், வில் தடுமாறும், கம்பிரசர் ஓயாமல் ஓடிக் கொதிக்கும்.

கொதிக்கும்போது வருவதுதான் அடுத்த பிரச்சினை, தண்ணீர். 30 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கனமீட்டர் காற்றில் 20 கிராமுக்குக் கொஞ்சம் மேல் நீராவி இருக்கும். நிமிடத்துக்கு 180 லிட்டர் என்றால் மணிக்குப் பதினோரு கனமீட்டர். கூட்டிப் பார்த்தால் ஒரு மணி நேர வெட்டில் கால் லிட்டருக்கு நெருக்கமான தண்ணீர் உங்கள் குழாய்க்குள் நுழைகிறது. காற்று ஆறினால் அதில் பெரும்பகுதி துளியாகி டேங்கில் தங்கிவிடும். சூடாகவே ஓடினால் ஆவியாகவே வாட்டர் செபரேட்டரைத் தாண்டி டார்ச் வரை போகும். கம்பிரசர் வாயிலேயே வாட்டர் செபரேட்டர் மாட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. சூடான காற்றில் அது எதையும் பிடிக்காது. முதலில் காற்றை ஆற வைக்க வேண்டும், பிறகுதான் பிரிக்க முடியும்.

நான் செய்தது இதுதான். கம்பிரசர் தலைக்கும் டேங்குக்கும் நடுவே பத்து மீட்டர் செம்புக் குழாயைச் சுருட்டி, முன்னால் ஒரு ஃபேன் வைத்தேன். டேங்கில் இருந்து போகும் லைனைச் சரிவாக ஓட்டி, தாழ்ந்த முனையில் தண்ணீர் தேங்க ஒரு குழாய்க் காலை இறக்கி வால்வு போட்டேன். பிளாஸ்மாவுக்கான கிளையை லைனின் மேல்பக்கத்தில் இருந்து எடுத்தேன். அடியில் ஓடும் தண்ணீர் கிளைக்குள் விழக் கூடாது. அதற்குப் பிறகு செபரேட்டர், அதன்பின் சிலிக்கா ஜெல் டப்பா, மெஷினுக்கு ஒட்டினாற்போல ஒரு நுண் வடிகட்டி. ஜெல் மணிகள் நிறம் மாறினால் 120 டிகிரியில் காய வைத்து மறுபடியும் போடலாம். சமையலுக்குப் பயன்படும் அடுப்பில் வேண்டாம். பிவிசி குழாயில் அழுத்தக் காற்று ஓட்டவே கூடாது. அது வெடித்தால் கண்ணாடிச் சில்லு போலத் தெறிக்கும்.

ஒரு சோதனை சொல்கிறேன். பிளாஸ்மாவில் காற்றை மட்டும் விடும் டெஸ்ட் நிலை இருக்கும். வில் இல்லாமல் அதில் வைத்து, டார்ச் வாய்க்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடியுங்கள். கம்பிரசர் அரைமணி நேரம் ஓடிச் சூடான பிறகு பிடிக்க வேண்டும், ஆறியிருக்கும்போது பிடித்துப் பிரயோஜனம் இல்லை. பனி படர்ந்தால் காற்று ஈரம். இதைச் சரி செய்தபின் என் நோட்டில் ஒரு நாசில் 400 துளைப்பைத் தாண்டியது. எலக்ட்ரோடின் நடுவில் இருக்கும் ஹாஃப்னியம் பொட்டில் பள்ளம் ஒன்றரை மில்லிமீட்டர் ஆழம் ஆனதும் மாற்றிவிடுகிறேன். அதை விட்டால் நாசிலையும் சேர்த்துத் தின்றுவிடும்.

சரி, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

ரூட்டரை மாற்றலாம், ஆனால் ஸ்குரூ இடிக்கும். 6 மி.மீ. தகடு நிமிடத்துக்கு ஒன்றேகால் மீட்டர் அளவில் வெட்டும். அது உங்கள் ஸ்குரூவுக்கு 250 சுற்றுதான், பிரச்சினையே இல்லை. 2 மி.மீ. தகடோ அதே ஆம்பியரில் 5 மீட்டருக்கு மேல் கேட்கும். 5 மி.மீ. பிட்ச்சில் அது 1,000 சுற்று. அந்த வேகத்தில் ஸ்டெப்பரின் முறுக்கு விழும், 1,200 மி.மீ. நீள ஸ்குரூவும் சாட்டை போல அதிரும். மர ரூட்டருக்கு வேண்டியது வெட்டு விசையைத் தாங்கும் பலம். பிளாஸ்மாவில் டார்ச் தகட்டைத் தொடுவதே இல்லை. அங்கே வேண்டியது லேசான கேன்ட்ரியும், மூலையில் சட்டென்று திரும்பி வேகம் எடுப்பதும். மெதுவாகத் திரும்பினால் மூலை உருகி வட்டமாகிவிடும். அதனால் ரேக் பினியனும் (பற்சட்டத்தில் ஓடும் பற்சக்கரம்) மூன்றுக்கு ஒன்று பெல்ட் ரிடக்‌ஷனும் நல்லது. உடனே முடியாதென்றால் 2 மி.மீ. தகட்டுக்குச் சின்ன நாசில் போட்டு ஆம்பியரைக் குறைத்து மெதுவாக வெட்டுங்கள், ஓடும். பால் ஸ்குரூவை மூடி வையுங்கள். பிளாஸ்மா தூசி இரும்புத் தூசி, பேரிங்கையும் தின்னும், கன்ட்ரோல் பெட்டிக்குள் புகுந்தால் ஷார்ட்டும் அடிக்கும்.

டிஎச்சி பற்றி. 6 மி.மீ. பிராக்கெட் மட்டும் என்றால் இல்லாமலே ஆரம்பிக்கலாம். பூவேலைத் தகடு என்றீர்களே, அங்கே முடியாது. 2 மி.மீ. தகடு வெட்ட வெட்டச் சூட்டில் எழும்பும். நான் அளந்து பார்த்ததில் ஒரு பேனலின் நடுப்பகுதி 6 மி.மீ. தூக்கியிருந்தது. வெட்டு உயரமே ஒன்றரை மில்லிமீட்டர்தான். டார்ச் போய் முட்டும்.

டிஎச்சி வேலை செய்வது எளிய விதியில். டார்ச் உயர்ந்தால் வில் நீளும், வில் நீண்டால் வோல்ட்டேஜ் கூடும். என் மெஷினில் 1 மி.மீ.க்கு ஏழெட்டு வோல்ட். அதைப் பார்த்து இசட் அச்சு ஏறி இறங்கும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மூலையில் வேகம் குறையும்போதும் வோல்ட்டேஜ் கூடும். டார்ச் உயர்ந்துவிட்டது என்று டிஎச்சி நினைத்துக் கீழே பாயும், தகட்டில் குத்தும். அதனால் வேகம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் உயரத்தைப் பூட்டிவிடும் வசதி இருக்க வேண்டும். நான் 90 சதவீதத்தில் வைத்திருக்கிறேன். சின்னத் துளைகளில் டிஎச்சியை முழுவதும் அணைத்துவிடுவேன். எலக்ட்ரோடு தேயத் தேய அதே உயரத்துக்கு வோல்ட்டேஜ் கூடிக்கொண்டே போகும். எனவே ஒரே எண்ணை வருஷம் முழுக்க வைத்திருந்தால் டார்ச் மெல்ல மெல்லத் தாழும். ஒவ்வொரு வெட்டின் தொடக்கத்திலும் வோல்ட்டேஜைத் தானே அளந்து பிடித்துக்கொள்ளும் முறைதான் சரி.

நான் லினக்ஸ்சிஎன்சி என்ற கன்ட்ரோல் சாஃப்ட்வேரில் அதன் பிளாஸ்மா பகுதியான க்யூடிபிளாஸ்மாசி ஓட்டுகிறேன், மோட்டார்களை இயக்க மெசா ஈதர்நெட் கார்டு, வில் வோல்ட்டேஜை அளக்க டிஎச்சிஏடி கார்டு. மேலே சொன்னதெல்லாம் அதில் இருக்கிறது. மெஷினில் ஆர்க் ஓகே (வில் பிடித்துவிட்டது என்று சொல்லும்) சிக்னல் இல்லையென்றால் மோடு 0 வைத்தால் வோல்ட்டேஜைப் பார்த்தே வில் பிடித்ததா என்று தெரிந்துகொள்ளும். வோல்ட்டேஜ் ஒயரை எடுக்கும்போது கவனம். வில் இல்லாத நேரத்தில் அங்கே 300 வோல்ட் அளவுக்கு இருக்கும், மெஷினை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மிச்சம் நிற்கும். வோல்ட்டேஜைக் குறைக்கும் பிரிப்பு ரெசிஸ்டரைப் பிளாஸ்மா பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டால் வெளியே வரும் ஒயரில் ஆபத்து குறையும்.

துளைப்பு உயரம் 3.8 மி.மீ., வெட்டு உயரம் 1.5 மி.மீ. அங்கிருந்து தொடங்கிக் கையேட்டைப் பார்த்துத் திருத்துங்கள். வெட்டு உயரத்திலேயே துளைத்தால் உருகிய இரும்பு நேரே நாசிலில் வந்து ஒட்டும். டார்ச்சைக் காந்தப் பிடியில் மாட்டுங்கள். எழும்பிய துண்டில் முட்டினால் கழன்று விழும், உடையாது.

தொட்டியா ஃபேனா? வீட்டுப் பட்டறைக்குத் தொட்டி. புகையையும் பொறியையும் அங்கேயே அடக்கும், மெல்லிய தகடு வளைவதும் குறையும். உங்கள் அளவில் 100 மி.மீ. ஆழம் என்றால் 108 லிட்டர், 108 கிலோ. ரூட்டரின் கால்கள் அதைத் தாங்குமா என்று பாருங்கள், தொட்டியைத் தனிச் சட்டத்தில் நிறுத்துவது மேல். தகட்டைத் தாங்கும் பட்டைகளை நேராக அடுக்காமல் சற்றுக் கோணலாக வையுங்கள், இல்லாவிட்டால் நேர்கோட்டு வெட்டு ஒன்று ஒரு பட்டையை முழு நீளத்துக்கும் அறுத்துவிடும்.

கரண்ட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிளோபேக் வகையில் 45 ஆம்பியர் வாங்கினால், 130 வோல்ட்டில் வில்லில் மட்டும் 5,850 வாட். இழப்பையும் சேர்த்தால் 230 வோல்ட்டில் 30 ஆம்பியர் அளவு வரும். தனி லைன், தனி பிரேக்கர், அதற்கேற்ற ஒயர். கம்பிரசரை அதே லைனில் போடாதீர்கள்.

---

தகட்டுக்காரன்:

பழைய வெல்டர் ஐயா, கண்ணாடிச் சோதனையை நேற்றே செய்தேன். ஆறியிருந்தபோது ஒன்றும் இல்லை. அரைமணி நேரம் ஓடவிட்டுப் பிடித்தேன், பத்து விநாடியில் பனி படர்ந்து துளி வழிந்தது. கையால் வெட்டும்போது நாசில் சீக்கிரம் போவதற்கும் இதுதான் காரணம் போல. இவ்வளவு நாள் என் கை நடுக்கம் என்று நினைத்திருந்தேன்.

எச்எஃப் மெஷினைக் கைவேலைக்கு வைத்துக்கொண்டு, பிளோபேக் 45 ஆம்பியர் தேடுகிறேன். எர்த் எப்படிப் போட வேண்டும்? அப்புறம், அலுமினியமும் எப்போதாவது வெட்ட வேண்டி வரும், தொட்டியில் வெட்டலாமா?

---

ஒயர்மேன்:

எர்த்துக்கு ஒரே ஒரு புள்ளி. மேசைச் சட்டத்தில் ஒரு போல்ட்டைத் தேர்ந்தெடுங்கள். கேன்ட்ரி, கன்ட்ரோல் பெட்டி, தொட்டி எல்லாவற்றில் இருந்தும் தடித்த ஒயர் தனித்தனியாக அந்த ஒரே இடத்துக்கு வர வேண்டும், அங்கிருந்து எர்த் ராடுக்கு. ஒன்றில் இருந்து இன்னொன்றுக்குச் சங்கிலி போலப் போடாதீர்கள். ரெயிலில் ஓடும் பேரிங்கை நம்பி கேன்ட்ரிக்கு ஒயர் போடாமல் விடாதீர்கள், கிரீஸ் மின்சாரத்தைத் தடுக்கும். ஒர்க் கிளாம்ப் தகட்டிலேயே கடிக்கட்டும். ஷீல்டு கேபிளின் ஷீல்டைக் கன்ட்ரோல் பெட்டி பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். டார்ச் கேபிளும் மோட்டார் கேபிளும் ஒரே தட்டில் படுக்கக் கூடாது, குறுக்கே போக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

---

பழைய வெல்டர்:

அலுமினியம் வேண்டாம் தம்பி. இதை அழுத்திச் சொல்கிறேன். உருகி விழுந்த அலுமினியத் துகள் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிடும். வெட்டி முடித்த பிறகும் அடியில் கிடந்து குமிழ் விட்டுக்கொண்டே இருக்கும். மேலே தகடு மூடியிருந்தால் வாயு அதன் கீழே தேங்கும், அடுத்த துளைப்பில் பொறி பட்டால் வெடிக்கும். பெரிய தொழிற்சாலைகளில் தொட்டிக்குள் காற்றுக் குமிழ் ஓடவிட்டு, கசட்டை அடிக்கடி அள்ளி எடுக்கிறார்கள். வீட்டில் அந்த ஒழுங்கு கஷ்டம். அலுமினியத்தை ரூட்டரிலேயே வெட்டுங்கள், ஸ்பிண்டிலை அதற்காகவாவது விற்காமல் வையுங்கள்.

துத்தநாகப் பூச்சுள்ள தகட்டையும் மூடிய அறையில் வெட்டாதீர்கள், அந்தப் புகையால் காய்ச்சல் வரும். ஸ்டெயின்லெஸ் புகையில் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கும், அது புற்றுநோய் தரக்கூடியது. தொட்டி இருந்தாலும் முகமூடியும் வெளியே இழுக்கும் ஃபேனும் வேண்டும். கண்ணுக்கு 8ஆம் எண் கறுப்புக் கண்ணாடி, காதுக்கு மஃப். மரவேலை நடந்த பட்டறை என்றீர்கள். முதல் வெட்டுக்கு முன் மூலைமுடுக்கெல்லாம் கூட்டி எடுங்கள். பொறி மரத்தூளில் விழுந்தால் உடனே தெரியாது, நீங்கள் கதவைச் சாத்திவிட்டுப் போன பிறகுதான் புகையும். வெட்டி முடித்து அரைமணி நேரம் நான் பட்டறையை விட்டு நகர மாட்டேன்.

---

தகட்டுக்காரன்:

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். பிளோபேக் மெஷின் ஒன்று பழையதாகக் கிடைத்தது. இன்னொரு 150 லிட்டர் டேங்கைச் சேர்த்தேன், செம்புச் சுருளும் சிலிக்கா ஜெல்லும் ஐயா சொன்ன வரிசையில். கண்ணாடி இப்போது அரைமணிக்குப் பிறகும் காய்ந்தே இருக்கிறது. ஆனால் கம்பிரசர் அதே 2 எச்பிதான், அதனால் மூன்று நிமிட வெட்டுக்கு ஒரு தடவை நிறுத்தி டேங்க் நிரம்பும் வரை காத்திருக்கும்படி புரோகிராமில் இடைவெளி வைத்தேன்.

அதே 16 பிராக்கெட்டை மறுபடி வெட்டினேன். அடுக்கி வைத்தால் ஒரே கட்டை போல நிற்கிறது. கசடைச் சுத்தியால் தட்டினாலே உதிர்ந்துவிடுகிறது.

ஒரே குறை, 6 மி.மீ. தகட்டில் 8 மி.மீ. போல்ட் துளை. மேலே சரியாக இருக்கிறது, அடியில் குறுகிக் கூம்பாகிறது, தொடக்கமும் முடிவும் சேரும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளம். வெளி விளிம்பும் இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.

---

பழைய வெல்டர்:

வெளி விளிம்பு சாய்வது திசையால். டார்ச்சுக்குள் காற்று சுழன்று வருவதால் போகும் திசைக்கு வலப்பக்கம்தான் செங்குத்தாக வரும். வெளிக்கோட்டைக் கடிகாரச் சுற்றில் வெட்டுங்கள், துளையை எதிர்ச்சுற்றில். அப்போது நல்ல பக்கம் எப்போதும் உங்கள் துண்டில் இருக்கும், சாய்ந்த பக்கம் கழிவோடு போகும். ஷீட்கேமில் (வெட்டுப் பாதையை உருவாக்கும் சாஃப்ட்வேர்) இதை ஒரு தடவை வைத்துவிட்டால் போதும்.

துளைக்கு வேகத்தை 60 சதவீதமாகக் குறையுங்கள், டிஎச்சி அணைந்திருக்கட்டும், நடுவில் இருந்து வளைந்து நுழையும் லீட் இன் கொடுங்கள். துளையின் விட்டம் தகட்டுக் கனத்தைப் போல இரண்டு மடங்கு இருந்தால் இந்த அளவிலேயே நன்றாக வரும். 6 மி.மீ.யில் 8 என்பது அந்த எல்லைக்குள் வரவில்லை. போல்ட் இறுக்கமாக உட்கார வேண்டிய இடம் என்றால் வெட்டாதீர்கள். க்யூடிபிளாஸ்மாசியில் ஸ்பாட்டிங் என்று ஒன்று இருக்கிறது, வில்லை ஒரு கணம் மட்டும் தட்டிப் பள்ளப் பொட்டு வைக்கும். 16 பிராக்கெட்டிலும் பொட்டை வைத்துவிட்டு டிரில் மெஷினில் 8 மி.மீ. பிட்டை இறக்குங்கள், பொட்டில் பிட் தானே உட்காரும்.